மன்றோ குதிரையும் வாரிசுச் சான்றிதழும்

சென்னையில் சிலையும் சுவரோவியமும் தேடிச் சுற்றப் போகிறீர்களா? விஷயத்தைச் சொந்தக்காரர் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். "சும்மாதானே சுத்தப் போறே" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு இருந்தது ஒன்பது நாள். "ஒரே ஒரு கையெழுத்துதான் ராஜா, அரை மணி நேரம்" என்றார் சித்தப்பா. அப்பா பெயரில் கிடக்கும் வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டுமாம். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் 'எஸ்', ரேஷன் கார்டில் 'சு'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்கு அதிகாரி ஃபீல்டுக்குப் போயிருந்தார், மறுநாள் மீட்டிங், அதற்கு மறுநாள் சர்வர் படுத்துவிட்டது. நான்காம் நாள் ஆள் இருந்தார். காகிதங்களைப் புரட்டியவர் நிமிர்ந்து, "அப்பா காரியத்துக்கு நீங்க வரலையா?" என்றார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. "லீவு கிடைக்கலை சார்" என்று சித்தப்பா முந்திக்கொண்டு சொன்னார். நான் ஸ்டாம்ப் பேடைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கிளம்பும் முன்பே எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி, இனிஷியலை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அப்புறம், வெள்ளிக்கிழமையை நம்பாதீர்கள். ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை இருக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி நீலின் சிலை எழும்பூரில்தான் இருக்கிறது. அதை அகற்றச் சொல்லி 1927-இல் போராட்டம் நடந்து, 1937-இல் மவுண்ட் ரோட்டிலிருந்து பெயர்க்கப்பட்டது. எனக்கு மிஞ்சியது வெள்ளியும் ஞாயிறும். வெள்ளியன்று கண்ணகி நகர் போனேன். 2020 வாக்கில் வரையப்பட்ட பெரிய பெரிய ஓவியங்கள், குடியிருப்புகளின் பக்கச் சுவர் முழுக்க. அந்தச் சுவருக்குப் பின்னால் குடித்தனம் நடக்கிறது, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா சொந்த ஊர் கேட்டார். மயிலாப்பூர் என்றேன். "எங்களுக்கும் அங்கதான். காலி பண்ணி இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க" என்றார். என்னை யாரும் காலி பண்ணவில்லை, நானாகத்தான் போனேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

உழைப்பாளர் சிலைக்கெல்லாம் வழிகாட்டி எதற்கு, கடற்கரைக்குப் போனால் கண்ணில் படும். கஷ்டம், அந்தக் கால மதராஸ் கவர்னர் மன்றோவின் குதிரைச் சிலைதான். அண்ணா சாலையில் தீவுத்திடல் பக்கம் நடுரோட்டில் நிற்கிறார், சுற்றி வண்டிகள் விடாது பறக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். சான்ட்ரி என்ற ஆங்கிலேயர் வார்த்த வெண்கலம், 1839-இல் நிறுவியது. பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அப்பா என் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, "சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை, எப்படி உட்கார்ந்திருக்கான் பாரு" என்பார். ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை, இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும். இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கால் அந்தரத்தில்தான் தொங்குகிறது.

படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டேன். சித்தப்பாவிடமிருந்து உடனே பதில்: "சர்டிபிகேட் எஸ்எம்எஸ் வந்துச்சா?"