ஆலிவ் ஆயில சேத்து வைக்காதீங்க, ஊத்தி சாப்பிடுங்க

போன மாசம் இங்க சிங்கப்பூர்ல, தோ பாயோவுல இருக்க சித்தி வீட்டுக்கு சாப்பிடப் போயிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்துல, வெயில் படுற ஜன்னல் ஓரமா ஒரு எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயில் பாட்டில், உள்ள இருக்கறது அப்படியே தெரியுற வெள்ளைக் கண்ணாடி, பாதி இன்னும் இருக்கு. உடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்கன்னு போன தீபாவளிக்கு முன்னாடி வாங்கினதாம், விலை ஜாஸ்தியாச்சேன்னு வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரே ஒரு ஸ்பூன் எடுப்பாங்களாம். மூடியத் திறந்து மோந்து பாத்தேன், பழைய க்ரேயான் பெட்டியத் திறந்த மாதிரி ஒரு வாடை. சித்தி, இது சிக்கு வாடை, எண்ணெய் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். "ஆலிவ் ஆயில்னாலே இப்படித்தான் இருக்கும்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்மா"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தை ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு. காசு குடுத்து வாங்கி, பத்திரமா வச்சு, கடைசி வரைக்கும் அதோட உண்மையான ருசிய பாக்காமயே போயிடுறோமே!

நம்ம வீடுகள்ல நடக்குற பெரிய தப்பே இதுதான், மருந்து மாதிரி சேத்து வைக்கிறது. ஆலிவ்ங்கறது ஒரு பழம், எக்ஸ்ட்ரா வெர்ஜின்ங்கறது அந்தப் பழத்த அரைச்சு, சூடும் கெமிக்கலும் இல்லாம பிரிச்செடுத்த சாறு. நல்ல மில்லுல அரைக்கும்போதே 27 டிகிரிக்கு மேல சூடு ஏறாம பாத்துக்குவாங்க, அப்பத்தான் ஐரோப்பாவுல கோல்ட் எக்ஸ்ட்ராக்டட்னு லேபிள்ல போட முடியும். நம்ம வீவக அடுக்குமாடி வீட்டு சமையலறை மத்தியானத்துல 31, 32 டிகிரி, அடுப்புப் பக்கத்துல கேக்கவே வேணாம். வெளிச்சம், சூடு, காத்து, நாள் கணக்கு, இந்த நாலும்தான் அதுக்கு எமன். அதனால அடுப்பு, ஓவன் ரெண்டுக்கும் தள்ளி கீழ் கபோர்டுல இருட்டா இருக்க இடத்துல வைங்க, ஊத்தின உடனே மூடிடுங்க, திறந்த பாட்டில ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க. வீட்ல ரெண்டு பேர்தான்னா 250 மில்லி போதும். ஆஃபர்ல மூணு லிட்டர் டின் மலிவா கிடைக்குதுன்னு தூக்கிட்டு வராதீங்க, அது பெரிய குடும்பத்துக்கு சரி. ஃபிரிட்ஜுல வச்சா கட்டி கட்டியா கலங்கிப் போகும், வெளிய எடுத்தா சரியாயிடும், கெட்டதில்ல. ஆனா ஃபிரிட்ஜுல உறைஞ்சா ஒரிஜினல், உறையலேன்னா டூப்ளிகேட்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துதே, அத நம்பாதீங்க. ஆலிவ் வகையப் பொறுத்து உறையுறது மாறும்.

இன்னொரு வேடிக்கையான தலைகீழ் என்னன்னா, கெட்டத நல்லதுன்னும் நல்லத கெட்டதுன்னும் நெனக்கிறது. புது எண்ணெய் ஒரு வாய் சும்மா குடிச்சுப் பாருங்க, பச்சப்புல்லு வாசனை, இல்ல தக்காளி இலைய கசக்கின வாசனை, நாக்குல லேசா கசப்பு, அப்புறம் தொண்டையில மிளகு கடிச்ச மாதிரி ஒரு காரம், சில பேருக்கு இருமலே வரும். அது கெட்டுப்போனதில்ல, நல்ல எண்ணெயோட அடையாளமே அதான். அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகேந்தால்ங்கற பொருள், ஐபுப்ரோஃபென்ங்கற வலி மருந்தும் தொண்டையில இதே மாதிரிதான் உறைக்கும்னு கவனிச்சு 2005ல விஞ்ஞானிங்க நேச்சர் இதழ்ல எழுதினாங்க. நிறத்தையும் பாக்காதீங்க, பச்சையா இருந்தா ஒசத்தின்னு ஒண்ணும் இல்ல. ருசி பாக்குற நிபுணர்கள் நிறமே தெரியக்கூடாதுன்னு நீலக் கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தித்தான் பாப்பாங்க.

கடையில வாங்கும்போது பியூர், லைட்னு பேரப் பாத்து ஏமாந்துடாதீங்க. ரெண்டுமே ரிஃபைண்ட் எண்ணெயில கொஞ்சம் வெர்ஜின் கலந்தது, லைட்ங்கறது ருசியும் நிறமும்தான் கம்மி, கலோரி அதேதான், ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 120 கிட்ட. போமஸ்ங்கறது பிழிஞ்ச சக்கையில மிச்சம் இருக்கறத கரைச்சு எடுக்குறது. எக்ஸ்ட்ரா வெர்ஜின்னு பேர் வாங்கணும்னா ஃப்ரீ அசிடிட்டி, அதாவது எண்ணெயில தனியா பிரிஞ்சு நிக்கிற கொழுப்பமிலம், 0.8 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ருசி பாக்கும்போது ஒரு குறை கூட தெரியக்கூடாது. இங்க விக்கிற பாட்டில் எல்லாமே கப்பல்ல வர்றதுதான், அதனால அறுவடை தேதி போட்டிருக்கான்னு தேடுங்க. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ்ல அக்டோபருக்கு மேல பறிப்பாங்க, ஆஸ்திரேலியாவுல ஏப்ரல், மே சமயம், கணக்கு போட்டுப் பாத்து புதுசா எது இருக்கோ அத எடுங்க. கருப்பாவோ கரும்பச்சையாவோ இருக்க பாட்டில், இல்லேன்னா டின்னா பாத்து வாங்குங்க. ஷெல்ஃபுல லைட் வெளிச்சம் படுற முன் வரிசைய விட்டுட்டு பின்னாடி கையவிட்டு எடுங்க. ஆங், பாப்பாவுக்கு தடவ வாங்கின ஆலிவ் ஆயில் வீட்ல இருக்குன்னு அத சமையல்ல ஊத்திடாதீங்க, அது வேற.

இப்ப சூடு விஷயம். ஆலிவ் ஆயில அடுப்புல வச்சாலே விஷமாயிடும்னு ஒரு கூட்டம், அதெல்லாம் இல்ல எல்லாத்துக்கும் அதத்தான் ஊத்தணும்னு இன்னொரு கூட்டம். எக்ஸ்ட்ரா வெர்ஜின் சுமாரா 190லேர்ந்து 210 டிகிரிக்குள்ள புகைய ஆரம்பிக்கும், பொரியல் வதக்குறதுக்கும் முட்டை பொரிக்கிறதுக்கும் அவ்வளவு சூடு தேவையே இல்ல. ஸ்பெயின்ல அந்தலூசியா பக்கம் மீனையே ஆலிவ் எண்ணெயிலதான் பொரிக்கிறாங்க. ஆனா நம்ம பழக்கம் என்ன, சட்டிய பெருந்தீயில வச்சு புகை வர்ற வரைக்கும் எண்ணெய காயவிட்டு அப்புறம் கடுகு போடுறது. கோப்பிக்கடை வோக் மாதிரி தீ எரிய கைலான் கீரை வதக்கணும்னா அதுக்கும் இது தோதுப்படாது, கடலை எண்ணெய் எடுத்துக்கோங்க. புகைய விட்டீங்கன்னா நீங்க காசு குடுத்த வாசனைதான் முதல்ல பறந்து போகுது. நான் செய்யுறது என்னன்னா, வதக்க சாதாரண எண்ணெய் கொஞ்சம், அடுப்ப அணைச்ச அப்புறம் ஆலிவ் ஆயில் ஒரு கரண்டி, சாம்பார் சாதத்துல கடைசியா நெய் ஊத்துறோமே அந்த மாதிரி. வெந்த பருப்புல உப்பு, நசுக்கின பூண்டு, எலுமிச்சை, மேல இந்த எண்ணெய், அவ்வளவுதான் சமையல்.

ஆஃபீஸ்லேர்ந்து லேட்டா வந்தா எங்க வீட்ல ஆலியோ ஒலியோங்கற இத்தாலி பாஸ்தாதான், பூண்டும் எண்ணெயும்னுதான் அந்தப் பேருக்கே அர்த்தம். இதுல நாலு சாமான்தான், ஒளிஞ்சுக்க இடம் இல்ல, ஒரு தப்பு பண்ணாலும் தட்டுல தெரியும். ரெண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, நாலஞ்சு பல்லு பூண்டு மெல்லிசா சீவினது, தேக்கா சந்தையில வாங்கின காஞ்ச மிளகா ரெண்டு கிள்ளினது, எண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன். அவ்வளவான்னு பயந்து ஒரு ஸ்பூன் ஊத்துனா அது ஆலியோ ஒலியோ இல்ல, காஞ்ச நூடுல்ஸ். பாஸ்தா வேகுற தண்ணியில எண்ணெய் ஊத்தாதீங்க, அது மேல மிதந்துட்டு தண்ணியோட கொட்டிப் போகும், ஒட்டாம இருக்கணும்னா முதல் ஒரு நிமிஷம் கிளறி விட்டாலே போதும். ரெண்டு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் நிறைய உப்பு. பூண்ட ஆறின எண்ணெயிலயே போட்டு அப்புறம் சின்னத் தீ வைங்க, காஞ்ச எண்ணெயில போட்டா வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும், பூண்டு கருகினா சட்டி முழுக்க கசக்கும், அத மறுபடி செய்யுறதத் தவிர வேற வழி இல்ல. வெளிர் தங்க நிறம் வந்ததும் மிளகா போட்டு, உடனே பாஸ்தா வெந்த தண்ணி ஒரு கரண்டி ஊத்தி தீய அணைச்சிடுங்க. அந்தத் தண்ணிய மொத்தமா சிங்க்ல வடிச்சு, பாஸ்தாவ குழாயில கழுவுறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு கழுவாதீங்க. அதுல இருக்க மாவுச்சத்துதான் எண்ணெயையும் தண்ணியையும் பிடிச்சு வச்சு ஒரு வழவழப்பான சாஸா ஆக்குது, கஞ்சித் தண்ணி ரசத்தக் கெட்டியாக்குற மாதிரி. பாஸ்தா ஒரு நிமிஷம் குறைவா வேகும்போதே எடுத்து இதுல போட்டு நல்லா பிரட்டுங்க, கடைசியா இன்னும் ஒரு ஸ்பூன் காய்ச்சாத ஆலிவ் ஆயில் மேல.

தக்காளி சாலட்ல எண்ணெய முதல்ல ஊத்தாதீங்க. உப்பு எண்ணெயில கரையாது, எண்ணெய் பூசின தக்காளியில உப்பு போட்டா அது மேல மேல உருண்டுட்டு வாயில கல்லு கல்லா படும். முதல்ல உப்பு போட்டு பத்து நிமிஷம் விடுங்க, தக்காளி தண்ணி விடும், அதுல எலுமிச்சை பிழிஞ்சு கடைசியில எண்ணெய். கிண்ணத்துல தேங்குற அந்தச் சாறுல ஒரு துண்டு ரொட்டிய தொட்டு சாப்பிட்டுப் பாருங்க. கொண்டைக்கடலை சுண்டலுக்கும் இதே வரிசைதான், சூடா இருக்கும்போதே உப்பும் எலுமிச்சையும் போடுங்க, கடலை உள்ள இழுத்துக்கும். மார்க்கெட்ல வாங்குற பாத்தாங் மீன, அதான் வஞ்சிர மீன, இஞ்சி போட்டு ஆவியில வேக வச்சு, எடுத்ததும் மேல எண்ணெயும் பச்சமிளகாயும் போட்டா அந்தச் சூட்டுலயே வாசனை எழும்பி வரும்.

எல்லாத்துலயும் ஊத்தணும்னு இல்ல. புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய்தான், அதோட புளிப்பையும் காரத்தையும் தாங்குறது அதுக்குத்தான் தெரியும், அவியலுக்கு தேங்காயெண்ணெய்தான். இட்லிப் பொடிய நான் ஆலிவ் ஆயில் விட்டுக் குழைச்சுப் பாத்தேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா அது நான் அறிஞ்ச இட்லிப் பொடி இல்ல. மிக்ஸியிலயும் ஊத்தி அரைக்காதீங்க, புதினா சட்னியோ மயோனைஸோ பிளேடு வேகத்துல அடிச்சா சில சமயம் கசப்பு தூக்கலா வந்துடும், அரைச்சு எடுத்தப்புறம் கையால கலந்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு, இது ருசி சம்பந்தப்பட்டதில்ல. பூண்ட உரிச்சு ஆலிவ் ஆயில்ல போட்டு, பாக்க அழகா இருக்குன்னு பாட்டில்ல அடைச்சு மேசை மேல வைக்காதீங்க. பூண்டுல மண்ணு வழியா பாட்யுலிசம் கிருமியோட விதை ஒட்டி இருக்கலாம், எண்ணெய்க்குள்ள காத்து கிடையாது, புளிப்பும் கிடையாது, நம்ம ஊரு சூடு வேற, அது வளர்றதுக்கு தோதான இடமே அதான். அந்த விஷம் இருந்தா வாடையும் வராது, ருசியும் மாறாது. பூண்டு எண்ணெய் வேணும்னா அன்னன்னைக்கு செஞ்சுக்கோங்க, மிச்சம் இருந்தா உடனே ஃபிரிட்ஜுல வச்சு நாலு நாளுக்குள்ள முடிச்சுடுங்க, அதுக்கு மேல இருந்தா யோசிக்காம கொட்டிடுங்க.