எபோலா களத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளைநோய்த் தடுப்புப் பணிக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எபோலா பரவும் மாவட்டத்துக்குத் திட்டம் போடச் சொன்னால் படுக்கை, ஆம்புலன்ஸ், பரிசோதனைக் கூடம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 2014இல் எங்கள் தலைமுறை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன திட்டங்களும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன. கையுறை, முகக்கவசம் பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்.

அடக்கத்தைக் கடைசி வரியில் எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. அண்மையில் ஓர் அணி இதைக் கழிவு அகற்றும் பட்டியலில் சேர்த்திருந்தது.

எபோலாவில் இறந்தவரின் உடலில் வைரஸ் ஏராளமாக இருக்கும். அந்த உடலைக் குளிப்பாட்டுவதும் தொட்டு அழுவதும் அந்த ஊர்களில் வழக்கம். சியரா லியோனின் கைலாஹுன் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரின் அடக்கத்தோடு 365 சாவுகள் வரை தொடர்புபட்டிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது.

'அப்படியானால் தடை போட்டுவிடலாமே' என்பார்கள். லைபீரியா செய்து பார்த்தது. 2014 ஆகஸ்டில் தலைநகர் மன்றோவியாவில் உடல்களை எரிக்க உத்தரவு போட்டார்கள். எரிப்பது அங்கே வழக்கமே இல்லை. நோயாளிகளை வீட்டிலேயே மறைத்தார்கள், இறந்தவர்களை ரகசியமாகப் புதைத்தார்கள். யார் யாரைத் தொட்டார்கள் என்று தேடப் போனவர்களுக்குத் துப்பே கிடைக்கவில்லை.

நவம்பரில் மத அமைப்புகளோடு பேசி உலக சுகாதார நிறுவனம் புதிய நெறிமுறை கொண்டுவந்தது. அடக்கக் குழு கவச உடையோடு போய் இறங்கக் கூடாது. முதலில் குடும்பத்திடம் துக்கம் விசாரிக்க வேண்டும். இறந்தவர் இஸ்லாமியர் என்றால் தண்ணீரில் குளிப்பாட்டுவதற்குப் பதில் தயம்மும் (தண்ணீர் இல்லாமல் மண்ணால் செய்யும் சுத்தம்), வெள்ளைத் துணி. குடும்பத்தார் தள்ளி நின்று தொழலாம். கல்லறையில் பெயர் இருக்க வேண்டும். டிசம்பரில் லைபீரியா எரிப்பதை நிறுத்தி, மன்றோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அடக்கத்துக்கு இடம் ஒதுக்கியது.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காவிட்டால், அந்தத் தெருவில் அடுத்த சாவு விழுந்தால் உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது என்றேன்.

21 நாளைக் குறைப்பது

எபோலா தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 21 நாள் வரை ஆகலாம்; அதனால் நோயாளியைத் தொட்டவரை அத்தனை நாளும் கண்காணிக்க வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று 19ஆம் நாளில் விட்டுவிடாதீர்கள்.

முதல் செய்தி வந்ததும் விமானத்தை நிறுத்துவது

தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 24இல் கொரோனாவின் புது வகையான ஒமிக்ரானைப் பற்றி உலகுக்குச் சொன்னது. ஓரிரு நாளில் பல நாடுகள் அதன் விமானங்களை நிறுத்தின. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை இது.

ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்புக்காகக் காத்திருப்பது

கினியா 2014 மார்ச்சில் எபோலாவைத் தெரிவித்தது; சர்வதேச அவசரநிலை ஆகஸ்ட் 8இல்தான் அறிவிக்கப்பட்டது. மார்ச்சிலேயே ஆள் அனுப்புங்கள்.