பெரிய கொக்கை இனங்காண்பதும் கலைக்காமல் கவனிப்பதும்

வெள்ளைக் கொக்கு ஒன்றைக் கண்டதும் பெரும்பாலோரின் கண் முதலில் போவது அலகின் நிறத்துக்கு. அதிகம் ஏமாற்றும் அடையாளமும் அதுதான். பெரிய கொக்கின் (ஆர்டியா ஆல்பா) அலகு ஆண்டின் பெரும்பகுதியில் மஞ்சளாக இருக்கும். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் உள்ளவற்றுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அது கறுத்துவிடும். இதோடு எளிதில் குழம்பும் வேறோர் இனமான நடுத்தரக் கொக்கின் மஞ்சள் அலகும் அதே பருவத்தில் கறுக்கக் கூடும். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய கொக்குக்கு அப்போதும் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே இருக்கும். ஆகவே அலகின் நிறம் பருவத்தைச் சொல்ல உதவும்; இனத்தைச் சொல்ல அதை நம்பக் கூடாது.

நம்ப வேண்டியது வாய்க்கோட்டை. மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடு முகத்துக்குள் எதுவரை ஓடுகிறது என்று பாருங்கள். பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் முடியும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். இதைப் பார்க்க 8x42 அல்லது 10x42 பைனாகுலர் போதும். தொலைவு அதிகமானால் ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) தேவை. பறவை முழுப் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தாலும் கோட்டின் முனை தப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் வெள்ளை இறகு கூசி முக விவரம் அழிந்துவிடும். காலை வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது.

அடுத்தது கழுத்து. நீட்டிய நிலையில் பெரிய கொக்கின் கழுத்து உடலை விடத் தெளிவாக நீளம், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நடுவே முறித்து வைத்தது போன்ற கூர்மையான வளைவு தெரியும். ஆறாவது கழுத்தெலும்பு நீண்டிருப்பதால் வரும் மடிப்பு அது. நடுத்தரக் கொக்கின் கழுத்து உடலளவே இருக்கும், வளைவும் மென்மையானது. தலை உருண்டை, அலகு குட்டை. பெரிய கொக்குக்கு நெற்றி தட்டையாக இறங்கி நீண்ட ஈட்டி அலகோடு ஒரே கோடாகச் சேரும்.

அலகு நுனி முதல் வால் நுனி வரை நீளம் 80 முதல் 104 செ.மீ., எடை ஏறத்தாழ 700 முதல் 1500 கிராம். ஆனால் தனியாக நிற்கும் பறவையின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முயல வேண்டாம். அனுபவம் உள்ளவர்களும் தவறுவார்கள். பக்கத்தில் சாம்பல் நாரை நின்றால் ஒப்பிடலாம்: பெரிய கொக்கு கிட்டத்தட்ட அதன் உயரம் இருக்கும். சின்னக் கொக்குக்கு அலகு எப்போதும் கறுப்பு, பாதம் மஞ்சள், நீருக்குள் ஓடித் துரத்தும். உண்ணிக்கொக்கு குட்டைக் கழுத்தோடு மாடுகளின் காலடியில் திரியும். இந்த இரண்டையும் பிரிப்பது எளிது. பெரிய கொக்கின் பாதமும் கணுக்காலும் கறுப்பு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெரிய நீல நாரையின் வெள்ளை வடிவமும் உண்டு. அதன் கால்கள் மங்கிய மஞ்சளாக இருப்பதால் அங்கே காலைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

பறக்கும்போது முதல் கேள்வி: கழுத்து நீட்டியிருக்கிறதா, மடித்திருக்கிறதா? கொக்குகள் மடித்தே பறக்கும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் ஆகியவை நீட்டிப் பறக்கும். புறப்பட்ட சில நொடிகளுக்குக் கொக்கும் கழுத்தை நீட்டியிருக்கும் என்பதால் பறவை சீராகப் பறக்கத் தொடங்கிய பிறகே முடிவு செய்யுங்கள். நிதானமான சிறகடிப்பு, தொண்டைக்குக் கீழே ஆழமாகத் தொங்கும் கழுத்து மடிப்பு, வாலைத் தாண்டி நீளும் கறுப்புக் கால்கள் மூன்றும் சேர்ந்தால் பெரிய கொக்கு.

இரை தேடும் விதம் பார்க்கப் பார்க்கச் சலிக்காதது. ஆழமற்ற நீரில் அசையாமல் நிற்கும், அல்லது ஒவ்வொரு காலாக மெல்ல எடுத்து வைக்கும். கழுத்தைச் சாய்த்து முன்னே நீட்டினால் இரையைக் கண்டுவிட்டது என்று பொருள். தாக்குதல் எந்த நொடியும் வரலாம். மீனே முதன்மை உணவு. தவளை, இறால், பூச்சி, ஓணான், எலியும் உண்டு. படம் எடுப்பவர்கள் ஷட்டரை 1/2000 நொடிக்கு வையுங்கள். கருமையான பின்னணியில் பறவை சிறிதாக நின்றால் கேமரா வெள்ளையை வெளுத்துவிடும், எக்ஸ்போஷரை −1 வரை குறைக்க வேண்டும். பறவை சட்டத்தை நிரப்பினால் தலைகீழ்: வெள்ளை சாம்பலாகிவிடும், +⅔ கூட்டுங்கள்.

இனப்பெருக்கப் பருவத்தில் முதுகிலிருந்து மெல்லிய அலங்கார இறகுகள் கிளம்பி வாலைத் தாண்டி வழியும். கண்ணுக்கு முன்னுள்ள தோல் பச்சையாகும். மார்பிலும் இப்படி இறகு இருந்தால் அது பெரிய கொக்கு அல்ல. இந்த இறகுகளுக்காகத்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களின் தொப்பி வணிகம் கொக்குகளைக் கூட்டிலேயே சுட்டது. பெற்றோர் செத்ததும் குஞ்சுகள் பட்டினியில் மடிந்தன. அமெரிக்காவில் 1900-இல், சட்டவிரோதமாகக் கொன்ற பறவை, விலங்குகளின் வணிகத்தைத் தடுத்த லேசி சட்டமும் 1918-இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டமும் வந்த பிறகே எண்ணிக்கை மீண்டது. கூடு கட்டும் காலம் இன்றும் இந்தப் பறவைக்கு மிகப் பலவீனமான காலம். அதனால் அங்கே விதிகள் கடுமையாக இருக்க வேண்டும்.

பெரிய கொக்கு பிற கொக்குகளோடும் நீர்க்காகங்களோடும் கூட்டமாக மரங்களில் கூடு கட்டும். ஆண் இடம்பிடித்துக் குச்சி அடுக்கத் தொடங்கும், இணை சேர்ந்ததும் இரண்டும் முடிக்கும். பெரும்பாலும் 3 அல்லது 4 வெளிர் நீலப்பச்சை முட்டைகள். இரண்டும் மாறி மாறி 23 முதல் 26 நாள் அடைகாக்கும். முதல் முட்டையிலேயே அடைகாப்பைத் தொடங்குவதால் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரியும். மூத்தது இளையதைக் கொத்தி விரட்டும், உணவு குறைந்தால் கொன்றும்விடும். பார்க்கக் கொடுமையாக இருக்கும், தலையிட வேண்டாம். எல்லாக் குஞ்சுகளுக்கும் இரை போதாத ஆண்டில் சிலவாவது பிழைப்பது இப்படித்தான்.

கூடுகளிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மரத்தடிக்குப் போகவே கூடாது. பெற்றோர் எழுந்து பறந்தால் சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், நிழலிழந்த சின்னக் குஞ்சு வெயிலில் வதங்கும், மூன்று வாரக் குஞ்சுகள் மிரண்டு கிளைகளில் ஏறித் தவறி விழும். பல பறவைகள் ஒரே நேரத்தில் கழுத்தை நிமிர்த்தினாலே நீங்கள் அளவு கடந்து நெருங்கிவிட்டீர்கள். வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். ட்ரோன் எந்த உயரத்திலும் வேண்டாம்.

விழுந்து கிடக்கும் குஞ்சுக்கு இரையோ தண்ணீரோ ஊட்டாதீர்கள், புரையேறிவிடும். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கையில் எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் முதலில் தலையைத் துணியால் மூடி, அலகு உங்கள் முகத்துக்கு எட்டாதபடி பிடியுங்கள். குஞ்சும் கண்ணைக் குறிவைத்துத்தான் குத்தும்.