வாத்து எழும்பினால் நீங்கள் எழும்பாதீர்கள்

முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலோரக் காயலில், வாத்துக் கணக்கெடுக்க வருகிறவர்கள் படகில் ஏறி உட்கார்ந்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: பறவை எழும்பினால் நீங்கள் எழும்பாதீர்கள். லைஃப் ஜாக்கெட், அனுமதிக் கடிதம், கைபேசி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆயிரம் ஊசிவால் வாத்து ஒரே மூச்சில் தண்ணீரை விட்டுக் கிளம்பும்போது நெஞ்சுக்குள் என்னமோ செய்யும். கால் தானாக நிமிரும், கை கேமராவுக்குப் போகும். படகில் இருக்கும் நான்கு பேரும் அதே நொடியில் அதே பக்கம் சாய்வார்கள். ஒரு தை மாதம் எங்கள் வத்தை, சின்ன மரப் படகு, அப்படித்தான் கவிழ்ந்தது. காற்றும் இல்லை, அலையும் இல்லை, தண்ணீர் இடுப்பளவு. என் நண்பர் ஒருவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். பூட்ஸில் தண்ணீர் நிறைந்து, கால் உளையில், அதாவது சேற்றில், இறங்கி, இடுப்பளவு தண்ணீர் அவருக்குக் கழுத்தளவாகிவிட்டது. அவரை மேலே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். யாரையும் எழுந்திருக்காதே என்று நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

என் தாத்தா துப்பாக்கியோடு கிளுவை வாத்து வேட்டைக்குப் போனவர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று இங்கே வாத்தைச் சுடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் படகில் உட்காருவதற்கு அவர் வைத்திருந்த விதி இன்னும் செல்லும். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பார்த்தே சுடு, பக்கவாட்டில் திரும்பாதே என்பார். துப்பாக்கியின் உதை பக்கவாட்டில் விழுந்தால் சின்னப் படகு உருண்டுவிடும். இப்போது கேமராவும் பைனாகுலரும் வைத்திருப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். முட்டி படகின் தரையில் இருக்கட்டும், இடுப்புக்கு மேலே மட்டும் திரும்புங்கள். பறவை பக்கவாட்டில் இருந்தால் படகைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்புவதற்குள் பறந்துவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த கூட்டம் வரும்.

சரி, புறப்படுவதற்கு முன்.

வனத்துறை அனுமதி இல்லாமல் லகூனுக்குள் போகக் கூடாது. அனுமதி வாங்கியிருந்தால் நீங்கள் உள்ளே இருப்பது நாலு பேருக்குத் தெரியும், தேட ஆள் இருக்கும். அதோடு, கரையில் ஒருவரிடம் எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் ஜாம்புவானோடையிலிருந்து கோரையாறு வழியாகத்தான் இறங்குகிறோம். அங்கே ஒரு டீக்கடையில் சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம். பதினொரு மணி என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு ஆனால் கடைக்காரர் ஆள் அனுப்புவார்.

அடுத்தது தண்ணீர். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் லகூனைக் குளம் மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. கோரையாறும் பாமணியாறும் கடைசியில் எங்கள் லகூனில்தான் விழுகின்றன. கார்த்திகை, மார்கழியில் மன்னார்குடிப் பக்கம் கொட்டிய மழை இங்கே வந்து சேரும்போது எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆற்றைப் பாருங்கள். செம்மண் நிறமா, நுரை வருகிறதா, ஆகாயத்தாமரை எப்படி வருகிறது? ஒன்றிரண்டு செடி மிதந்தால் போகலாம். பாய் அகலத்துக்குத் திட்டுத் திட்டாக விடாமல் வந்தால் நான் படகை அவிழ்ப்பதே இல்லை. அந்தத் திட்டு மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், கட்டிய படகையும் கயிற்றோடு இழுத்துப் போகும். மன்னார்குடியில் உறவினர் இருந்தால் முதல் நாள் இரவே கூப்பிட்டு மழையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடி கேட்டால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். திறந்த தண்ணீரில் உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது.

காற்று விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். லகூன் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. இந்தப் பருவத்தில் வீசுவது வாடை, வடக்கிலிருந்து வரும் காற்று. போகும்போது அது முதுகில் தள்ளும், துடுப்பே தேவையில்லை என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஆழமில்லாத தண்ணீர் ஆதலால் அலை குட்டையாக, செங்குத்தாக எழுந்து படகுக்குள்ளேயே விழும். அதனால் எரிபொருளையும் கைப்பலத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு தொடாமல் இருக்கட்டும்.

பாரம் ஏற்றியதும் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பாருங்கள். ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் ஒருவர் இறங்க வேண்டும். எங்கள் வத்தையில் ஓட்டுபவரோடு நான்கு பேர்தான், ஐந்தாவது ஆளை எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றமாட்டேன். கனமானவர் நடுவில் உட்காரட்டும். தண்ணீர் இறைக்க, வாயை அகலமாக வெட்டிய எண்ணெய் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் போடுங்கள். கட்டாத கேன் அவசரத்தில் முதலில் மிதந்து போய்விடும்.

உடுப்பு. வேட்டி, லுங்கி வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். அரைக்கால் சட்டையும், பின்பட்டை உள்ள செருப்பும் போதும். வெறுங்காலோடு இறங்கினால் சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் ஏறும். ரப்பர் பூட்ஸ் கூடவே கூடாது, காரணம் சொல்லிவிட்டேன். லைஃப் ஜாக்கெட்டை உட்காரப் போட்டுக்கொள்ளாமல் உடம்பில் போட்டு, பட்டைகளை இழுத்துக் கட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காது வரை ஏறக் கூடாது. கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டாதீர்கள், பையில் வைத்துப் படகோடு கட்டுங்கள்.

விடியற்காலைப் பனிமூட்டத்தில் லகூனின் நடுவே போனால் நான்கு பக்கமும் ஒரே வெள்ளை. கரை தெரியாத இடத்தில் மோட்டாரை நிறுத்தி, மூங்கில் கழியை உளையில் ஊன்றிப் படகைக் கட்டிவிட்டுக் காத்திருங்கள். வெயில் ஏறினால் கலைந்துவிடும். வாத்து அதுவரை எங்கும் போகாது. அலையாத்திக் காட்டை ஒட்டிப் போகும்போது வேகத்தைக் குறையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த அலையாத்தி மரங்களின் கட்டைகளில் என் படகு இரண்டு முறை உரசியிருக்கிறது. கிளையைப் பிடித்து நிறுத்த ஆசை வரும். தில்லை மரமாக இருந்தால் அதன் பால் கண்ணில் பட்டு எரித்துவிடும், பார்வையே போகலாம். பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். மரப் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும், தேடுபவர் கண்ணுக்கு உங்கள் தலையைவிட முதலில் அதுதான் படும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்குபவர்தான் பாதியில் களைத்துப்போவார். ஆற்றுக்குள் என்றால் படகுக்கு மேல்நீர்ப் பக்கமாகப் பிடியுங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் படகுக்கும் பாலத்தூணுக்கும் நடுவே நசுங்கிவிடுவீர்கள். தலை எண்ணுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கைபேசியை நீர் புகாத உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தால் 1093-க்குப் பேசலாம், அது கடலோரக் காவல் எண். ஆம்புலன்சுக்கு 108.

கால் உளையில் மாட்டினால் உதறாதீர்கள். உதற உதற இறங்கும். துடுப்பையோ பலகையையோ குறுக்கே போட்டு அதன்மேல் மார்பைச் சாய்த்து, பாதத்தை மெல்ல ஆட்டி, தண்ணீர் உள்ளே புக இடம் கொடுத்து ஒரு காலை எடுங்கள். அப்புறம் அடுத்தது. செருப்பு போனால் போகட்டும்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உறைய வைக்காது. ஆனாலும் நனைந்த சட்டையோடு வாடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவரின் கை கயிற்று முடிச்சை அவிழ்க்காது. அன்று என் நண்பர் அப்படித்தான் இருந்தார், பல் கிட்டிப்போய்ப் பேச்சு குழறியது. ஈரத்தைக் கழற்றுங்கள், பாலிதீன் பையில் கட்டி வைத்த ஒரு போர்வையும் துண்டும் படகில் எப்போதும் இருக்கட்டும். சாராயம் கொடுக்கக் கூடாது, உடம்புச் சூட்டை அது இன்னும் வெளியேற்றும். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள். அவருக்கு டீக்கடைக்காரர் மூன்று டம்ளர் கொடுத்த பிறகுதான் நடுக்கம் நின்றது.