மொட்டைமாடி டேங்க்ல எவ்ளோ தண்ணி இருக்கு? வீட்டுக்குள்ளயே ஒரு சர்வர் வச்சு பாக்கலாம் வாங்க

முதல்ல நான் ஒரு ரெடிமேட் ஸ்மார்ட் சுவிட்ச் தான் வாங்கினேன். ஒருநாள் மழைல நெட் போயிடுச்சு, சுவிட்ச் இருக்கறது எனக்கு ரெண்டு அடி தள்ளி, ஆனா ஆப்ல அமுக்கினா ஒண்ணும் நடக்கல, ஏன்னா நான் அமுக்கறது எங்கயோ இருக்கற கம்பெனி சர்வருக்குப் போயிட்டு திரும்பி வரணும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டுக்குள்ளயே ஓடணும்.

தேவையானது ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது கைக்கடக்கமான குட்டி கம்ப்யூட்டர், இது தான் சர்வர் (உபுண்டு போட்ட பழைய லேப்டாப் இருந்தாலும் போதும்), வைஃபை சிப் ஈஎஸ்பி8266 இருக்கற ஒரு நோட்எம்சியு போர்டு, அப்புறம் சத்தம் அனுப்பி தூரம் அளக்கற ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சார். சாதா அல்ட்ராசோனிக் சென்சார் டேங்க் ஈரத்துல சீக்கிரம் துருப்பிடிச்சிடும், அதனால தான் இந்த வாட்டர்ப்ரூஃப் வகை.

சர்வர்ல போடப்போற சாஃப்ட்வேர் பேரு மஸ்கிட்டோ, அது பேசற பாஷை எம்க்யூடிடி. 1999ல ஐபிஎம்ல இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் கம்பெனில இருந்த ஆர்லன் நிப்பரும் ஆயில் பைப்லைன சாட்டிலைட் வழியா கண்காணிக்கறதுக்காக செஞ்சது, அதனால ரொம்ப கம்மி டேட்டால வேலை முடிஞ்சிடும், இத்துனூண்டு போர்டுக்கு பொருத்தமா இருக்கு. டீக்கடைய நெனச்சுக்கோங்க, விஷயம் தெரிஞ்சவர் வந்து சொல்லிட்டு போயிடுவார், வேணுங்கறவர் வந்து கேட்டுக்குவார், ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கணும்னு அவசியமே இல்ல. அந்த டீக்கடை தான் மஸ்கிட்டோ.

படி 1. ரவுட்டர் செட்டிங்ஸ்ல போய் ராஸ்பெர்ரி பைக்கு ஒரே ஐபி அட்ரஸ் எப்பவும் கிடைக்கற மாதிரி ரிசர்வ் பண்ணிடுங்க. இத விட்டுட்டா கரண்ட் போய் வந்ததும் அட்ரஸ் மாறிடும், போர்டு பழைய அட்ரஸ்லயே தேடிட்டு இருக்கும்.

படி 2. சர்வர்ல ஆப்ட் (apt) கமாண்ட் வழியா மஸ்கிட்டோவையும் மஸ்கிட்டோ க்ளையன்ட்ஸையும் இன்ஸ்டால் பண்ணுங்க. முக்கால்வாசி பேர் மாட்டறது இங்க தான். 2.0 வெர்ஷன்லேர்ந்து மஸ்கிட்டோ தன்னோட மெஷின தவிர வேற யாரையும் உள்ள விடாது, நீங்களா கான்ஃபிக் ஃபைல்ல சொல்லணும். மூணு வரி தான்: லிசனர் 1883 (எந்த போர்ட்ல கேக்கணும்னு), அலவ் அனானிமஸ் ஃபால்ஸ் (பேரு சொல்லாதவங்கள விடாதன்னு), மூணாவது பாஸ்வேர்ட் ஃபைல் எங்க இருக்குங்கறது. பாஸ்வேர்ட் ஃபைல் உருவாக்கறப்ப முதல் தடவை மட்டும் கமாண்ட்ல ஹைஃபன் சி (-c) போடுங்க, ரெண்டாவது யூசர சேக்கறப்பவும் அதையே போட்டா பழைய யூசர் எல்லாம் அழிஞ்சு போயிடும். அப்புறம் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுங்க.

படி 3. வயரிங். சென்சாருக்கு 5 வோல்ட், கிரவுண்ட் ரெண்டுக்கும் பொதுவா இருக்கணும். ட்ரிக் பின் டி5ல, எக்கோ பின் டி6ல. ஆனா எக்கோவ நேரா சொருகிடாதீங்க, அதுல 5 வோல்ட் வரும், போர்டு 3.3 வோல்ட் தான் தாங்கும். எக்கோவுக்கும் டி6க்கும் நடுவுல 1 கிலோ ஓம், டி6லேர்ந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், இப்படி ரெண்டு ரெசிஸ்டர் போட்டா 5 வோல்ட் சுமார் 3.3 ஆயிடும். மோட்டார ஆன் பண்ற ரிலேவும் வேணும்னா அந்த 230 வோல்ட் பக்கத்த மட்டும் எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்துடுங்க, ப்ளீஸ்.

படி 4. போர்டுக்கு ப்ரோக்ராம் எழுதற ஆர்டுயினோ ஐடிஇல, எம்க்யூடிடி பேச வைக்கற பப்சப்க்ளையன்ட் லைப்ரரி போட்டு, வைஃபை பேரு, சர்வர் ஐபி, போர்ட் 1883, யூசர், பாஸ்வேர்ட் குடுங்க. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸா இருக்கணும், 5 கிகாஹெர்ட்ஸ் இந்த போர்டு கண்ணுக்கே தெரியாது. சென்சார் தர்ற மைக்ரோசெகண்ட 0.0343ஆல பெருக்கி ரெண்டால வகுத்தா தூரம் சென்டிமீட்டர்ல வந்துடும், சத்தம் போயிட்டு திரும்பி வர்றதால தான் ரெண்டால வகுக்கறோம். உதாரணத்துக்கு 5800 வந்துச்சுன்னா தண்ணி சென்சார்லேர்ந்து கிட்டத்தட்ட 1 மீட்டர் கீழ இருக்கு. அந்த நம்பர "வீடு/டேங்க்" மாதிரி ஒரு டாபிக்ல, அதாவது தலைப்புல, ரீட்டெய்ன் (கடைசி மெசேஜ சர்வர் வச்சுக்கறது) போட்டு அனுப்புங்க, அப்ப தான் ஃபோன்ல அதே டாபிக்க கேக்கற ஒரு எம்க்யூடிடி ஆப்ப தொறந்த உடனே கடைசி அளவு காட்டும்.

அளவு நிமிஷத்துக்கு ஒருதடவை போதும், ஆனா அதுக்காக டிலே போட்டு போர்ட தூங்க வச்சிடாதீங்க. லைப்ரரியோட கீப்அலைவ், அதாவது 'நான் இருக்கேன்'னு சர்வருக்கு சொல்ற இடைவெளி, 15 செகண்ட், அதுல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லன்னா சர்வர் கனெக்ஷன கட் பண்ணிடும். போர்டு ஆன் ஆனதுலேர்ந்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு சொல்ற மில்லிஸ் ஃபங்ஷன் வச்சு நேரம் எண்ணுங்க, லூப் ஃபங்ஷன் ஓடிட்டே இருக்கட்டும்.

கனெக்ட் ஆகலன்னா சீரியல் மானிட்டர்ல ஸ்டேட் நம்பர பாருங்க. மைனஸ் 2 வந்தா சர்வர்கிட்டயே போய் சேரல, ஐபியையும் லிசனர் வரியையும் பாருங்க. 5 வந்தா பாஸ்வேர்ட் தப்பு. கனெக்ட் ஆகி ஆகி அறுந்துட்டே இருந்தா ரெண்டு போர்டுக்கு ஒரே க்ளையன்ட் ஐடி (சர்வர்கிட்ட போர்டு சொல்ற பேரு) குடுத்திருப்பீங்க, ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ண வெளிய தள்ளிடும். எனக்கு இத கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு.

வெளியூர்லேர்ந்து பாக்கணும்னு ரவுட்டர்ல 1883 போர்ட தொறந்து விட்டுடாதீங்க, அதுக்கு வயர்கார்ட் மாதிரி விபிஎன் (வெளிலேர்ந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ள பத்திரமா வர்ற வழி) போட்டுக்கோங்க.

எல்லாம் ஓடுதா? இப்ப ரவுட்டருக்கு வர்ற நெட் கேபிள மட்டும் கழட்டிடுங்க, வைஃபை இருக்கட்டும். மாடில டேங்க் குழாய தொறந்து விட்டுட்டு ஃபோன பாருங்க, தண்ணி இறங்க இறங்க தூரம் 42, 43, 45ன்னு ஏறிட்டே இருக்கும்.