நெட்வொர்க் அனலைசர்: எந்த பட்டனுக்கு அடுத்து எந்த பட்டன்?

நெட்வொர்க் அனலைசர் என்பது ஆன்டெனா போன்ற ஒன்றுக்குள் சிக்னலை அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் கருவி. அதன் முன்பக்கம் முழுக்க பட்டன்கள்தான். ஆனால் ஓர் ஆன்டெனாவை அளக்க அவற்றில் பத்துப் பன்னிரண்டு போதும். அந்தப் பத்தையும் சரியான வரிசையில் அழுத்தப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரிசை மாறினாலும் ஸ்கிரீனில் கோடு அழகாகத்தான் வரும், அளவு மட்டும் தப்பாக இருக்கும். அதனால்தான் இதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது அஜிலென்ட் இ5071சி. 2014-இல் அஜிலென்ட்டின் அளவுக்கருவிப் பிரிவு கீசைட் என்ற தனி நிறுவனமானது. அதனால் சில கருவிகளில் அந்தப் பெயர் இருக்கும். அளக்கப்போவது சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஆன்டெனா.

தொடுவதற்கு முன்

கருவியை ஆன் செய்து அரை மணி நேரமாவது சூடாக விடுங்கள். கையில் எர்த் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள். போர்ட்டின் (கேபிள் மாட்டும் வாயின்) நடுப்பின்னை விரலால் தொடவே வேண்டாம், உடம்பிலுள்ள நிலைமின்சாரமே உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும். டிரான்ஸ்மிட்டர் போல பவரை வெளியே தள்ளும் எதையும் நேரடியாக மாட்டாதீர்கள்.

கனெக்டரை முடுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். கேபிளையோ ஆன்டெனாவையோ சேர்த்துச் சுழற்றினால் உள்ளே பின் உரசித் தேயும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மேல் முடுக்காத ஸ்பானர்) இருந்தால் கட்டாயம் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 1: ப்ரீசெட்

முன்னால் இருந்தவர் என்ன செட்டிங்கில் விட்டுப் போனாரோ தெரியாது. ப்ரீசெட் அழுத்தி, ஸ்கிரீனின் வலது ஓரத்தில் வரும் ஓகே-யையும் அழுத்துங்கள். அந்த ஓரத்தில் வருபவை சாஃப்ட்கீகள். முன்பக்க பட்டன் எதை அழுத்தினாலும் அதற்கான மெனு அங்கேதான் விரியும்.

படி 2: அலைவரிசை எல்லை

ஸ்டார்ட் அழுத்தி 2.2 தட்டி, ஜி என்று எழுதிய பட்டனை அழுத்துங்கள். ஜி என்றால் கிகா, எம் என்றால் மெகா. எண்ணுக்குப் பின் இந்த அலகு பட்டன்தான் என்டர் வேலையும் செய்யும். அடுத்து ஸ்டாப், 2.7, ஜி. சென்டர் 2.45, ஸ்பான் 500 மெகா என்று கொடுத்தாலும் அதே எல்லைதான்.

அப்புறம் ஸ்வீப் செட்டப். எல்லையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கருவி புள்ளி புள்ளியாக அளந்து போவதுதான் ஸ்வீப். அதில் பாயின்ட்ஸை 401 ஆக்குங்கள். 500 மெகாஹெர்ட்ஸை 400 இடைவெளிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1.25 மெகாஹெர்ட்ஸ். இந்த ஆன்டெனாவுக்கு அது தாராளம். ஏவரேஜ் பட்டனுக்குள் ஐஎஃப் பேண்ட்விட்த் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் கருவி உள்ளே விடும் அலைவரிசையின் அகலம் அது. 10 கிலோஹெர்ட்ஸ் கொடுங்கள். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இரைச்சல் 10 டெசிபல் இறங்கும், ஸ்வீப்பும் அதற்கேற்ப மெதுவாகும்.

படி 3: மெஷர், ஃபார்மட்

மெஷரில் எஸ்11 தேர்வு செய்யுங்கள். போர்ட் 1 அனுப்பியதில் எவ்வளவு அதற்கே திரும்பி வருகிறது என்பதுதான் எஸ்11. ஃபார்மட்டில் லாக் மேக், அதாவது அளவை டெசிபலில் காட்டுவது.

படி 4: கேல்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. கேபிளுக்கும் கனெக்டருக்கும் சொந்தமாக இழப்பும் தாமதமும் உண்டு. அவற்றை அளந்து கழிப்பதுதான் கேலிப்ரேஷன். கழித்த பிறகு உங்கள் அளவு கேபிளின் முனையிலிருந்து தொடங்கும். எல்லையையும் பாயின்ட்ஸையும் முதலிலேயே வைக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான்: திருத்தம் அந்தந்த அலைவரிசைப் புள்ளிக்குத்தான் கணக்கிடப்படுகிறது.

கேல் அழுத்தி, கேல் கிட் மெனுவில் கையிலுள்ள கிட்டின் மாடல் எண்ணைத் தேர்வு செய்யுங்கள். கிட்டில் மூன்று துண்டுகள் இருக்கும்: முனை திறந்த ஓப்பன், முனை இணைத்த ஷார்ட், வந்த சிக்னலை விழுங்கிக்கொள்ளும் லோட். பிறகு கேலிப்ரேட், 1-போர்ட் கேல். போர்ட் 1-இல் மாட்டிய கேபிளின் முனையில் ஓப்பனை மாட்டி ஓப்பன் சாஃப்ட்கீயை அழுத்தினால் பக்கத்தில் டிக் விழும். ஷார்ட், லோட் இரண்டுக்கும் இப்படியே. மூன்றும் முடிந்ததும் 'டன்' (முடிந்தது) சாஃப்ட்கீ. ஸ்கிரீனின் கீழே 'கார்' என்ற குறி வந்தால் திருத்தம் இயங்குகிறது என்று பொருள்.

உடனே ஆன்டெனாவை மாட்டிவிடாதீர்கள். ஃபார்மட்டை ஸ்மித் சார்ட்டுக்கு (திரும்பி வருவதை ஒரு வட்டத்துக்குள் காட்டும் படத்துக்கு) மாற்றி, லோடை மாட்டிப் பாருங்கள்: புள்ளி நடுவில் நிற்க வேண்டும். ஷார்ட்டை மாட்டினால் பாடப் புத்தகத்தில் சொன்னபடி இடது முனையில் நிற்காமல் விளிம்போடு ஒரு வில்லாக நகர்ந்திருக்கலாம். பயப்பட வேண்டாம். பல கிட்களில் ஷார்ட்டுக்குள்ளேயே சில மில்லிமீட்டர் நீளம் உண்டு. அந்த நீளம் கருவிக்குத் தெரியும். கிட்டின் மாடலைச் சரியாகக் கொடுக்கச் சொன்னதும் இதற்குத்தான். நாம் பார்க்க வேண்டியது கோடு வெளி வட்டத்தை விட்டு உள்ளே வராமல் இருக்கிறதா என்பதை. உள்ளே வந்தால் கனெக்டர் சரியாக முடுக்கப்படவில்லை, கேலிப்ரேஷனைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 5: ஆன்டெனா, மார்க்கர்

வைஃபை ஆன்டெனாக்களில் பெரும்பாலும் ரிவர்ஸ் எஸ்எம்ஏ கனெக்டர்தான். பின் இருக்க வேண்டிய இடத்தில் துளை இருக்கும். சாதாரண எஸ்எம்ஏ கேபிளில் மரை ஏறினாலும் நடுவில் தொடர்பே கிடைக்காது. முழுதும் திரும்பி வருவதுபோல் 0 டெசிபலை ஒட்டிக் கோடு கிடக்கும். அடாப்டர் போட்டு மாட்டுங்கள்.

ஃபார்மட்டைத் திரும்ப லாக் மேக் ஆக்கி, ஸ்கேலில் ஆட்டோ ஸ்கேல் கொடுங்கள். கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். மார்க்கர் சர்ச் மெனுவில் 'மின்' (மினிமம்) அழுத்தினால், கோட்டின் மேல் நகரும் குறியான மார்க்கர் பள்ளத்தின் அடிக்குப் போய் உட்காரும். -10 டெசிபல் என்றால் அனுப்பிய பவரில் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது; -20 என்றால் நூறில் ஒன்று. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை கோடு -10-க்குக் கீழே இருந்தால் ஆன்டெனா நன்றாகவே பொருந்துகிறது. ஃபார்மட்டில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தை ஒரு விகிதமாகச் சொல்லும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) வைத்தால் இதே -10 டெசிபல், 1.92 என்று தெரியும்.

இப்போது கையை ஆன்டெனா பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். பள்ளம் நகரும், ஆழமும் மாறும். மேசையில் இரும்புத் தட்டு இருந்தாலும் இப்படித்தான். ஆன்டெனாவைச் சுற்றி இடம் விட்டு, கையை எடுத்துவிட்டு அளவைக் குறியுங்கள். கேபிளையும் வளைத்து ஆட்டாதீர்கள். நாம் கழித்தது அது கேலிப்ரேஷன் அன்று கிடந்த கிடைக்குத்தான்.

படி 6: சேவ்/ரீகால்

சேவ் டைப்பில் ஸ்டேட் அண்ட் கேல் என்று இருக்கிறதா பார்த்துவிட்டு ஸ்டேட்டை, அதாவது கருவியின் இப்போதைய செட்டிங்கைச் சேமியுங்கள். ஸ்டேட் ஒன்லி என்று சேமித்தால் அலைவரிசை எல்லை திரும்ப வரும், கேலிப்ரேஷன் வராது. அடுத்து வருபவர் ப்ரீசெட் அழுத்தினாலும், அதே கேபிளும் செட்டப்பும் இருக்கும்வரை ரீகால் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லோடை ஒருமுறை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.