ஊர் சர்ச்சுகளை உள்ளிருந்து கறுப்பு வெள்ளையில் எடுக்க

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வேளாங்கண்ணி, பூண்டி, தூத்துக்குடி பனிமய மாதா என்று ஒரு சுற்று போய்விட்டுத்தான் திரும்புவார்கள். கையில் நல்ல கேமராவும் இருக்கும், ஆனால் படத்தைப் பார்த்தால் பீடம் மட்டும் ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும். குற்றம் கேமராவில் இல்லை. நீல வண்ணம், ரோஸ், தங்கப் பெயின்ட், அதன்மேல் சீரியல் பல்பு, பக்கத்தில் டியூப்லைட், ஜன்னல் வழியாக வெயில்: வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படி வைத்தாலும் ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். கறுப்பு வெள்ளைக்குப் போனால் இந்தச் சண்டையே கிடையாது. தூண் உச்சியில் இருக்கும் இலை வேலைப்பாடும் சம்மனசின் (தேவதூதரின்) சிறகில் உளி போன வரியும் அப்போதுதான் கண்ணில் படும்.

அதற்காக நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வெளிர்நீலச் சுவரும் தங்க விளிம்பும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளும். கேமராவில் RAW ஃபைலாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது மஞ்சளை ஏற்றி நீலத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், விளிம்பு தனியாக எழுந்து நிற்கும். நீலத்தை ரொம்ப இறக்கினால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும், அளவோடு போங்கள்.

கனடா, அமெரிக்காவில் இருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50. நம் ஊர் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/250 நொடி என்று ஷட்டரை வைத்தால், அதுவும் சத்தமில்லாத சைலன்ட் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். கறுப்பு வெள்ளையாக்கினாலும் அது போகாது. 1/50 அல்லது 1/100 வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ எடுப்பதாக இருந்தால் ஃபிளிக்கர் செட்டிங்கையும் 50க்கு மாற்றிவிடுங்கள்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நேராக அடிக்கிற வெளிச்சம் செதுக்கலைத் தட்டையாக்கிவிடும், பக்கவாட்டில் இருந்து விழுகிற வெளிச்சம்தான் மேடு பள்ளத்தைக் காட்டும். வார நாளில் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் போய், கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், பீடத்து விளக்குகளை ஐந்து நிமிடம் அணைத்துத் தந்தாலே பாதி வேலை முடிந்தது. ஜன்னல் வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள். இருட்டைப் பிறகு தூக்கலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. டிரைபாட் விரித்தால் பெரும்பாலும் யாராவது வந்து கேட்பார்கள், அதனால் தூணில் சாய்ந்து, ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை தைரியமாகப் போகலாம். கடலோரக் கோயில் என்றால் இன்னொன்று: ஏசி அறையில் இருந்து நேராகப் போனால் லென்ஸ் பனிக்கும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே விடுங்கள்.

எங்கே போகலாம் என்றால், நான் முதலில் சொல்வது இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம். சிவகங்கை மாவட்டம், மதுரையில் இருந்து ராமநாதபுரம் போகிற வழியில் இருக்கிறது. 1894இல் கட்டி முடித்த, கூர்வளைவுகள் கொண்ட ஐரோப்பிய கோதிக் பாணிக் கோயில், அச்சில் வார்த்த செங்கல்லிலேயே இவ்வளவு நுணுக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு வளைவை மட்டும் நெருங்கி எடுங்கள், முழுக் கோயிலையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது. சென்னை சாந்தோம் (1896) வெள்ளைச் சுவர், கூர்வளைவுகள், அதற்கும் கறுப்பு வெள்ளை நன்றாகப் பொருந்தும். புதுச்சேரி திரு இருதய பசிலிக்காவில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைக் கலரிலேயே விட்டுவிடுங்கள், அதைச் சாம்பலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

செருப்பை வாசலிலேயே விடுங்கள், பீடத்து மேடையில் ஏறாதீர்கள். நற்கருணை ஆராதனை நடந்தால் கேமரா பைக்குள் போக வேண்டும். முழங்காலில் நின்று அழுகிறவர்களை எடுப்பது எவ்வளவு நல்ல படமாக வந்தாலும் சரியில்லை.

நாள் பார்த்து டிக்கெட் போடுங்கள். தூத்துக்குடித் திருவிழா ஆகஸ்ட் 5இல் முடியும், இலங்கையில் மடு மாதா கோயில் பெருவிழா ஆகஸ்ட் 15, வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் ஜனத்தைத்தான் எடுக்க முடியும். ஈஸ்டருக்கு முந்தின நாட்களில் பல கோயில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள், செதுக்கலுக்காகப் போகிறவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள்.